மலை ஆற்றில் ராஃப்டிங்: பதிவு செய்யும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காற்றடித்த ரப்பர் படகில் கைடோடு போகும் ராஃப்டிங் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் பலரும் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சு அப்படியே இருக்கட்டும் என்று கேள்விகளைத் திருத்தவில்லை. முதல் தடவை போகிறவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பித்தான் நிற்கின்றன.

ராஃப்டிங்னா படகுல சும்மா உட்கார்ந்துட்டுப் போறதா, நாமளும் துடுப்பு போடணுமா?

படகைப் பொறுத்தது. ஒருநாள் பயணங்களில் பெரும்பாலும் வருவது துடுப்பு ராஃப்ட். நான்கு, நான்கரை மீட்டர் நீளம், ஆறு முதல் எட்டுப் பேர், பின்முனையில் கைடு. இதில் இன்ஜின் நீங்கள்தான். படகு தண்ணீரின் வேகத்திலேயே மிதந்தால் அதைத் திருப்ப முடியாது. தண்ணீரைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால்தான் கைடின் துடுப்புக்குப் பிடி கிடைக்கும். பெரிய அலை நெருங்கும்போது அவர் "ஃபார்வர்டு, ஃபார்வர்டு" என்று கத்துவது இதற்காகத்தான். அந்த நேரத்தில் பயந்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டால் படகு பக்கவாட்டில் திரும்பி அலையை வாங்கும்.

இன்னொரு வகையில் படகின் நடுவில் உலோகச் சட்டம் இருக்கும். கைடு அதில் உட்கார்ந்து இரண்டு நீளத் துடுப்புகளை வலிப்பார், மற்றவர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் போதும். வயதானவர்கள், சின்னப் பிள்ளைகள், தோள்வலிக்காரர்கள் இருக்கும் குடும்பத்துக்கு இதுதான் சரி. பதிவு செய்யும்போதே எந்த வகை என்று கேளுங்கள். விளம்பரத்தில் பெரும்பாலும் இது இருக்காது.

உட்காருறது படகுக்கு உள்ளேயா?

இல்லை, படகின் ஓரத்தைச் சுற்றி இருக்கும் காற்றடித்த டியூபின் மேல். ஒரு காலைக் குறுக்கு டியூபுக்கு அடியிலோ தரையில் ஒட்டியிருக்கும் கால்பையிலோ செருகிக்கொள்வீர்கள். பிடிமானம் அந்தக் கால்தான். செருகிய கால் இழுத்தால் வரவேண்டும். கணுக்கால்வரை திணித்து வைத்தால், விழும்போது உடம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக முறுக்கிக்கொள்ளும்.

கிளாஸ் 3, கிளாஸ் 4னு போட்டிருக்காங்களே, அது என்ன கணக்கு?

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை பிரிக்கும் சர்வதேச அளவுகோல் அது. 1 என்றால் ஓடும் தண்ணீர், சிற்றலை, அவ்வளவுதான். 2 என்றால் எளிய அலைகளும் அகலமான தெளிவான வழியும். 3-ல் அலைகள் ஒழுங்கற்று வரும், படகைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். 4-ல் தண்ணீருக்குப் பலம் அதிகம். எங்கே எப்படிப் பாயும் என்று கணிக்கலாம், ஆனால் துல்லியமாக ஓட்ட வேண்டும். விழுந்தவர் தானே கரையேறுவது கடினம். 5 நீளமானது, மூர்க்கமானது, இடைஞ்சல் நிறைந்தது, தவறினால் உயிருக்கே ஆபத்து. 6 ஓட்ட முடியுமா என்ற எல்லையில் இருப்பது, பயணிகளுக்கானது அல்ல. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பகுதியில் மட்டும் 1 முதல் 10 வரை வேறு அளவுகோல் உண்டு. அங்கே "7" என்று கேட்டுப் பதற வேண்டாம்.

இந்த எண் இரண்டு விஷயங்களைச் சொல்லாது. ஒன்று, விளம்பரத்தில் போடுவது அந்தப் பாதையின் மிகக் கடினமான ஒரே இடத்தின் எண்ணாக இருக்கலாம். மூன்று மணிநேரப் பயணத்தில் ஒரே ஒரு நிமிடம் மட்டும் கிளாஸ் 4 வந்தாலும் அது "கிளாஸ் 4 பயணம்" ஆகிவிடும். இரண்டு, விழுந்த பிறகு என்ன நடக்கும் என்பது எண்ணில் இல்லை. சில ஆறுகளில் ஒவ்வொரு பாய்ச்சலுக்குப் பின்னும், அதாவது தண்ணீர் அலையடித்துச் சீறும் ஒவ்வோர் இடத்துக்குப் பின்னும், அமைதியான மடு வரும். விழுந்தவரை அங்கே அள்ளிக்கொள்ளலாம். சில ஆறுகள் சரிவில் மூச்சு விடாமல் ஓடும். அங்கே விழுந்தால் அடுத்த பாய்ச்சலுக்குள்ளும் நீந்தித்தான் போக வேண்டும். ஆப்பிரிக்காவில் விக்டோரியா அருவிக்குக் கீழே ஸாம்பெசி ஆற்றில் ராட்சத அலைகள் படகுகளைச் சாதாரணமாகக் கவிழ்க்கின்றன. ஆனால் தண்ணீர் ஆழம், பாய்ச்சலுக்கு அடுத்து மடு. பாறை துருத்தி நிற்கும், பனி உருகி ஓடும் கிளாஸ் 4 ஓடையில் விழுவது அதைவிட மோசமாக முடியலாம். அதனால் எண்ணைக் கேட்ட கையோடு "பாய்ச்சல்களுக்கு நடுவில் மடு இருக்கிறதா, தொடர்ந்து ஓடுகிறதா?" என்றும் கேளுங்கள்.

அப்போ முதல் தடவை போறவங்க எதை எடுக்கலாம்?

மடுக்கள் உள்ள கிளாஸ் 3. நனையவும் கத்தவும் அது தாராளமாகப் போதும். குழந்தைகளோ தண்ணீர்ப் பயமோ இருந்தால் கிளாஸ் 2. நேராகக் கிளாஸ் 4-க்கு எடுத்துக்கொள்ளும் நிறுவனம் கூடவே நீச்சல் பரிசோதனையோ ஒரு மணிநேரப் பயிற்சியோ வைத்தால் நம்பலாம். எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டால் யோசியுங்கள்.

எனக்கு நீச்சலே தெரியாது. போகலாமா?

கிளாஸ் 3 வரை பெரும்பாலான இடங்களில் போகலாம். இந்த ஆறுகளில் யாரும் நீச்சலின் பலத்தில் மிதப்பதில்லை, லைஃப் ஜாக்கெட்தான் மிதக்க வைக்கிறது. நீச்சல் தெரிந்தவருக்குக் கிடைக்கும் அனுகூலம் வேறு. முகத்தில் தண்ணீர் அடித்தாலும் அவர் பதறாமல் மூச்சைக் கணக்கிட்டு எடுப்பார். ஆகவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, தலை இரண்டு மூன்று விநாடி தண்ணீருக்குள் போனால் தாங்குவேனா என்பதுதான். தாங்காது என்றால் ஜாக்கெட் போட்டு ஆழமான குளத்தில் ஒரு நாள் மிதந்து பழகிவிட்டு வாருங்கள். நீச்சல் தெரியாது என்பதைக் கைடிடம் மறைக்காதீர்கள். சொன்னால் தன் கை எட்டும் இடத்தில் உட்கார வைப்பார்.

கிளாஸ் 4-க்கு நீச்சல் கட்டாயம். அங்கே விழுந்தவர் தானும் கரையை நோக்கி நீந்தினால்தான் மற்றவர்கள் காப்பாற்ற முடியும்.

எந்த மாசம் போனா நல்லது?

மாதத்தைக் கேட்பதைவிட, அந்த ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். பனி உருகி வரும் ஆறு வசந்தத்தின் பிற்பகுதியிலும் கோடையின் தொடக்கத்திலும் உச்சத்தில் இருக்கும், கோடை முடியும்போது வற்றும். மழையை நம்பிய ஆறு ஒரே இரவில் இரண்டு மடங்காகும். இமயமலை ஆறுகளில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. நேபாளத்தில் மார்ச் முதல் மே வரையும், பருவமழை ஓய்ந்த பின் அக்டோபர், நவம்பரிலும்தான் ராஃப்டிங் களைகட்டும். நடுவில் மழைக்காலத்தில் பெரும்பாலான பாதைகள் ஓட்டத் தகுந்தவை அல்ல. மூன்றாவது வகை அணைக்குக் கீழே இருக்கும் ஆறு. அங்கே பருவத்தைவிட மின்நிலையத்தின் அட்டவணைதான் முக்கியம். திறக்கும் நேரத்தில் தண்ணீர், மூடினால் பாறை.

பனிப்பாறைக்கு அருகில் ஓடும் ஆற்றில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நடுப்பகலில் உருகிய பனி சில மணிநேரம் கழித்துத்தான் கீழே வந்து சேரும். காலையில் பாறைகள் தெரிந்த இடம் மாலையில் வெள்ளையாகப் பொங்கும். அதே பாதை, அதே நாள், ஆனால் காலைப் பயணம் கிளாஸ் 3, மாலைப் பயணம் கிளாஸ் 4 என்று ஆகலாம். முதல் தடவை என்றால் காலை நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

"இன்னைக்குத் தண்ணி சூப்பரா இருக்கு"ன்னு சொல்றாங்க. எதை வெச்சு நம்புறது?

"சூப்பர்" என்பது ஓர் அளவு அல்ல. நல்ல நிறுவனத்திடம் எண் இருக்கும். வினாடிக்கு இத்தனை கன அடி என்றோ, பாலத்துத் தூணில் வரைந்த அளவுகோலில் இத்தனை என்றோ சொல்வார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டர் சொச்சம். வினாடிக்கு 1,000 கன அடி என்றால் ஒவ்வொரு வினாடியும் 28 டன் தண்ணீர் உங்களைக் கடந்து போகிறது என்று அர்த்தம். அந்த எண்ணை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. குறுகிய ஓடைக்கு அது வெள்ளம், அகலமான ஆற்றுக்கு அது வறட்சி.

அதனால் மூன்று எண்கள் கேளுங்கள். இன்று எவ்வளவு? இந்தப் பாதைக்கு வழக்கமாக எவ்வளவு? எவ்வளவுக்கு மேல் போனால் படகை இறக்க மாட்டீர்கள்? மூன்றாவதுதான் உயிர்நாடி. "இதற்கு மேல் போனால் கீழ்ப்பாதைக்கு மாற்றுவோம், அதற்கும் மேல் போனால் ரத்து" என்று பட்டென்று பதில் வந்தால், அவர்கள் அதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். "நாங்கள் ரத்தே செய்ததில்லை" என்று பெருமையாகச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறைவாக இருந்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பாதி உண்மை. வெள்ளத்தில் வேகமும் அலையும் கூடும், ஒதுங்கி நிற்கும் இடங்கள் மூழ்கும், வேரோடு சாய்ந்த மரங்கள் மிதந்து வரும். வற்றும்போது பாறைகள் தலைகாட்டும், படகு மாட்டும், விழுந்தவரின் கால் இடுக்கில் சிக்கும். வெள்ளமும் இல்லாமல் வற்றலும் இல்லாமல், நடுத்தரமான தண்ணீரில் போவதே மேல்.

நிறைய கம்பெனி இருக்கு. எல்லாரும் ஒரே ஆறு, ஒரே தூரம். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறது?

புகைப்படத்தைப் பார்க்காதீர்கள். எல்லாப் படமும் ஒரே அலையில், ஒரே பாறையிலிருந்து எடுத்ததாக இருக்கும். வித்தியாசம் தெரிவது தொலைபேசியில் கேட்கும் நான்கைந்து கேள்விகளில்தான். எத்தனை படகுகள் சேர்ந்து போகும்? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? சேஃப்டி கயாக் (விழுந்தவரை மீட்க ஒருவர் தனியாக ஓட்டிவரும் சிறு படகு) வருமா? எங்களை ஓட்டப்போகிற கைடு இந்தப் பாதையில் எத்தனை பருவம் ஓட்டியிருக்கிறார்? யாருக்காவது எலும்பு முறிந்தால் அருகில் சாலை எங்கே வருகிறது, அலைபேசி எடுக்காத இடத்தில் எப்படித் தகவல் சொல்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் நடக்காது" என்று பதில் வந்தால் திட்டம் எதுவும் இல்லை என்று புரிந்துகொள்ளலாம்.

முடிந்தால் முந்தின நாள் படகு இறக்கும் இடத்துக்குப் போய் அரைமணி நேரம் வேடிக்கை பாருங்கள். விளம்பரப் பலகையைவிட அது அதிகம் சொல்லும். வெயிலில் காற்றடித்த ராஃப்டைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி டியூப் தளர்ந்துபோகும். நல்ல குழு தண்ணீரில் இறக்கிய பிறகு டியூபின் ஒவ்வொரு காற்றறையையும் உள்ளங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு, பம்பை எடுத்து மறுபடி காற்று ஏற்றும். தொளதொள டியூபோடு புறப்படும் படகு பெரிய அலையில் நடுவில் மடிந்து, முன்னால் இருப்பவரும் பின்னால் இருப்பவரும் மண்டையை முட்டிக்கொள்வார்கள். கைடின் பாதுகாப்பு உரையையும் கேளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடமாவது பேசி, கட்டளைகளைக் கரையோரம் ஒத்திகை பார்த்து, விழுந்தால் என்ன செய்வது என்று காட்ட வேண்டும். இரண்டே நிமிடத்தில் முடித்து "வாங்க போகலாம்" என்றால் வேறு கம்பெனியைத் தேடுங்கள்.

ஒற்றைப் படகாகப் போகும் பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் படகு கவிழ்ந்தால் அள்ளுவதற்கு ஆள் இருக்காது.

கைடுக்கு லைசென்ஸ் இருக்குன்னா போதாதா?

தேவை, ஆனால் போதாது. சில நாடுகளில் அரசு உரிமம் கட்டாயம், சில நாடுகளில் எதுவுமே கட்டாயம் இல்லை. நாடு கடந்து செல்லுபடியாகும் சான்றிதழை சர்வதேச ராஃப்டிங் கூட்டமைப்பு வழங்குகிறது, அதில் எந்தக் கிளாஸ் வரை என்று குறித்திருக்கும். அதோடு வேகநீர் மீட்புப் பயிற்சியும், காலாவதியாகாத முதலுதவிச் சான்றும் இருக்க வேண்டும். சாலையில்லாத பள்ளத்தாக்கில் பல நாள் பயணம் என்றால் சாதாரண முதலுதவி போதாது, காட்டுப்பகுதி மருத்துவப் பயிற்சி பெற்றவர் குழுவில் ஒருவராவது வேண்டும்.

இத்தனைக்கும் மேலே ஒன்று உண்டு. வேறு ஆற்றில் பத்து வருடம் ஓட்டியவர், இந்த ஆற்றுக்கு நேற்று வந்தவராக இருக்கலாம். பாறை அடிக்கடி இடம் மாறாது என்றாலும், தண்ணீர் ஏறி இறங்கும்போது எந்தப் பாறை அலையாகும், எது தண்ணீர் திரும்பிச் சுழலும் குழியாகும் என்பது அந்த ஆற்றிலேயே பல தடவை போனவருக்குத்தான் தெரியும்.

சேஃப்டி கயாக்னு ஒருத்தர் தனியா வர்றாரே, அவர் எதுக்கு?

ராஃப்ட் கனமானது, நினைத்த இடத்தில் நிற்காது. கயாக் ஓட்டி விழுந்தவரிடம் விநாடிகளில் போய்ச் சேருவார். அவர் வந்தால் கயாக்கின் முனையில் அல்லது பின்னால் இருக்கும் பிடியைப் பிடித்துக்கொண்டு, கால்களால் தண்ணீரை உதைத்து உதவுங்கள். அவர் கையையோ துடுப்பையோ பிடித்தால் அவரும் கவிழ்வார். தண்ணீர் தொடர்ந்து ஓடும் ஆற்றிலும், கிளாஸ் 4-லும் இவர் இல்லாமல் போக வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட் சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது?

ஜாக்கெட்டைப் போட்டு எல்லாப் பட்டையையும் கீழிருந்து மேலாக இறுக்குங்கள். பிறகு இன்னொருவரை உங்கள் தோள்பட்டையில் இருக்கும் இரண்டு பட்டைகளையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் அது முகத்தை மூடிவிடும். மூச்சை முழுதாக இழுக்கும்போது கொஞ்சம் பிடிக்க வேண்டும், அதுதான் சரியான இறுக்கம். கொக்கி உடைந்ததற்குப் பதில் முடிச்சுப் போட்டிருந்தால், தையல் பிரிந்திருந்தால், உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு பிஸ்கட்டாக நொறுங்கினால் வேறு கேளுங்கள். ஊதிப் போடும் வகையும், படகுத்துறைகளில் கழுத்தில் மாட்டும் ஆரஞ்சு வகையும் இந்தத் தண்ணீருக்கு ஆகாது. நுரைத்துப் பொங்கும் தண்ணீரில் கணிசமான பங்கு காற்று என்பதால் உடம்பு சாதாரணமாக மிதப்பதைவிடக் குறைவாகவே மிதக்கும். ராஃப்டிங் ஜாக்கெட்டில் நுரைப்பஞ்சு தடியாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். தாடைப்பட்டையைக் கட்டிவிட்டு முன்விளிம்பைப் பின்னால் தள்ளுங்கள். நெற்றி முழுக்கத் தெரிந்தால் பெரிது. சைக்கிள், பைக் ஹெல்மெட்டுகள் இதற்கானவை அல்ல.

வெயில் கொளுத்துது, வெட்சூட் எதுக்கு?

நீங்கள் விழப்போவது வெயிலில் அல்ல. பனி உருகிய ஆறு நடுக்கோடையிலும் 5 முதல் 10 டிகிரியில் இருக்கும். குளிர்நீர் ஆய்வாளரான கனடாவின் கோர்டன் கீஸ்பிரெக்ட் 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்வார். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இராது, கேவிக் கேவி இழுக்கும். அடுத்த 10 நிமிடம் கைகால் சொன்னபடி கேட்கும், பிறகு கேட்காது. குளிரால் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணிநேரம். குளிர்ந்த ஆற்றில் அந்த முதல் நிமிடமே ஆளைக் கொன்றுவிடலாம். கேவும்போது வாய் தண்ணீருக்குள் இருந்தால் போதும். வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டும் ரப்பர் உடை, அந்த அதிர்ச்சியைக் குறைக்கும்.

தண்ணீர் 15 டிகிரிக்குக் கீழே என்றால் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட்டும் மேலே காற்றுபுகாத ஜாக்கெட்டும் தேவை. வெட்சூட் தோலோடு ஒட்ட வேண்டும். தொளதொளவென்று இருந்தால் குளிர்ந்த தண்ணீர் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், போட்டும் பயனில்லை.

என்ன போட்டுட்டு வரணும்?

பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் அறவே வேண்டாம். நனைந்தால் குளிரும், கனக்கும். பாலியெஸ்டரோ கம்பளியோ நல்லது. செருப்பு முதல் அலையிலேயே போய்விடும், குதிகாலில் பட்டை உள்ள சாண்டலோ பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவோ போடுங்கள். மோதிரம், தொங்கும் கம்மல், கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வையுங்கள். கண்ணாடிக்கு நாடா கட்டுங்கள். மாற்றுத்துணி பயணம் முடியும் இடத்துக்கு வரும் வண்டியில் இருக்கட்டும்.

பசங்களைக் கூட்டிட்டுப் போகலாமா?

வழக்கமாகக் கிளாஸ் 2-க்கு 6, 7 வயதும், கிளாஸ் 3-க்கு 10 முதல் 12 வயதும், கிளாஸ் 4-க்கு 14 முதல் 16 வயதும் கீழ்வரம்பாக வைக்கிறார்கள். தண்ணீர் ஏறியிருந்தால் வரம்பும் ஏறும். வயதைவிட முக்கியம், ஜாக்கெட் அவர்களுக்குப் பொருந்துகிறதா என்பது. மேலே சொன்ன தூக்கும் சோதனையைப் பிள்ளைக்குக் கட்டாயம் செய்யுங்கள், சிறு குழந்தைக்குக் கவட்டைப்பட்டை வேண்டும். "பெரிசுதான் இருக்கு, கட்டிக்கலாம்" என்றால் அந்தப் பயணம் வேண்டாம். பிள்ளையைப் படகில் கட்டிவைக்கவோ, உங்கள் ஜாக்கெட்டோடு இணைக்கவோ கூடவே கூடாது.

பி.பி. இருக்கு, போன வருஷம் தோள்பட்டை இறங்கிடுச்சு. பிரச்சனையா?

கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தத்துக்குப் பொதுவாகக் கிளாஸ் 3 வரை தடையில்லை, ஆனால் மருத்துவரிடம் "பனி உருகிய தண்ணீரில் திடீரென்று விழலாம்" என்று சொல்லிக் கேளுங்கள். இதய நோய், வலிப்பு, அண்மையில் நடந்த அறுவைச் சிகிச்சை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பது ஆகியவற்றுக்கும் மருத்துவர் சொல்லே முடிவு. கர்ப்பிணிகள் போக வேண்டாம். இன்ஹேலர் கரையில் இருந்து பயனில்லை, கைடின் நீர்புகாப் பையில் இருக்க வேண்டும்.

ஒருமுறை இறங்கிய தோள் மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம். கையைத் தலைக்கு மேலே தூக்கியபடி துடுப்பை அழுத்துவதும், விழும்போது கயிற்றில் தொங்குவதும் அதற்குக் காரணமாகலாம். முதல் கேள்வியில் சொன்ன நடுச்சட்ட ராஃப்டில் போங்கள்.

படகுல அடி படுறதெல்லாம் பாறையில மோதியா?

நிறைய அடிகள் படகுக்குள்ளேயே படுகின்றன. முதல் குற்றவாளி துடுப்பின் மேல்முனையில் இருக்கும் டி வடிவக் கைப்பிடி. அலையில் அதை விட்டுவிட்டு டியூபைப் பிடிக்கப் பாய்ந்தால், அது பக்கத்தில் இருப்பவரின் பல்லையோ மூக்கையோ பதம்பார்க்கும். ஒரு கை எப்போதும் அந்தக் கைப்பிடியை மூடியிருக்க வேண்டும், வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

தண்ணியில விழுந்துட்டா என்ன பண்ணணும்?

முதலில் மூச்சு. மேலே வந்ததும் படகு கை எட்டும் தூரத்தில் இருந்தால் சுற்றுக்கயிற்றைப் பிடியுங்கள். ஏற்றுபவர் உங்கள் கையை இழுக்கக் கூடாது. ஜாக்கெட்டின் தோளில் இருக்கும் இரண்டு பட்டைகளையும் பிடித்து, தன் முட்டியை டியூபில் ஊன்றி, பின்னால் சாய வேண்டும். நீங்கள் காலை உதைக்க வேண்டும். கனமான ஆளும் இப்படி வந்துவிடுவார்.

படகு தள்ளிப் போய்விட்டால் மல்லாந்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி, பாதம் ஆறு போகும் திசையைப் பார்க்க மிதங்கள். பாறை வந்தால் பாதத்தால் தள்ளிக்கொள்ளலாம். தண்ணீர் முட்டிக்கு மேலே இருந்து ஓடிக்கொண்டிருந்தால் எழுந்து நிற்காதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். கால் பாறை இடுக்கில் மாட்டினால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் உடம்பை முன்னால் சாய்த்து அமுக்கும். இடுப்பளவு தண்ணீரில் ஆள் மூழ்குவது இப்படித்தான். வேகம் இரண்டு மடங்கானால் தண்ணீர் தள்ளும் விசை நான்கு மடங்காகும், பலசாலியாக இருந்தும் பயனில்லை.

இந்த மல்லாந்த நிலைக்கு ஒரு விலக்கு உண்டு. ஆற்றுக்குக் குறுக்கே மரம் விழுந்து, கிளைகளுக்கு நடுவில் தண்ணீர் மட்டும் வடிந்து போகும் இடம் வந்தால், முதலில் விலகி நீந்துங்கள். விலக முடியாது என்றால் குப்புறத் திரும்பி, தலை முன்னால் வைத்து, வேகமாக நீந்தி அதன் மேல் தாவி ஏறுங்கள். காலை முன்னால் நீட்டிப் போனால் கிளைகளுக்கு அடியில் சொருகிக்கொள்வீர்கள்.

கயிறு வீசுவாங்களாமே, அதை எப்படிப் பிடிக்கிறது?

வருவது 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் கயிறு, பையோடு. பையைப் பிடிக்க வேண்டாம், கயிற்றைப் பிடியுங்கள். மார்பில் வைத்து, தோளுக்கு மேலே போகும்படி மல்லாந்துகொள்ளுங்கள். தண்ணீர் உங்கள் முதுகில் மோதிக் கரையை நோக்கி ஊசலாட்டும். குப்புறப் பிடித்தால் அதே தண்ணீர் முகத்தில் அடிக்கும். கையில் சுற்றாதீர்கள். விடவேண்டி வந்தால் விட முடியாது.

படகே கவிழ்ந்துட்டா?

கவிழ்ந்த படகுக்கு அடியில் காற்று இருக்கும், பதற வேண்டாம். கைகளைத் தலைக்கு மேலே தூக்கிப் படகின் தரையைத் தொட்டு, ஒரே திசையில் கைமேல் கை வைத்து நகர்ந்தால் வெளியே வந்துவிடுவீர்கள். திசையை மாற்றி மாற்றித் தேடுவதில்தான் நேரம் போகிறது. வெளியே வந்ததும் படகுக்கு மேல்நீர்ப் பக்கம், அதாவது தண்ணீர் வரும் பக்கம் இருங்கள். படகுக்கும் பாறைக்கும் நடுவில் மாட்டினால் தண்ணீர் ஏறிய படகின் எடை முழுவதும் உங்கள் மேல் விழும்.

படகு பாறையில் பக்கவாட்டாக மோதும்போது கைடு "ஹை சைடு" என்று கத்துவார். எல்லோரும் பாறையை நோக்கி, அதாவது கீழ்நீர்ப் பக்கத்து டியூபின் மேல் பாய வேண்டும். மனசு சொல்வது நேர்மாறாக, பாறையிலிருந்து விலகு என்று. விலகினால் மேல்நீர்ப் பக்கம் அமுங்கி, தண்ணீர் உள்ளே ஏறி, படகு பாறையைச் சுற்றி மடிந்துகொள்ளும். இதை ஒத்திகை பார்க்காத குழுவோடு போகாதீர்கள்.

அரை நாள், முழு நாள், மூணு நாள்... எது எடுக்கலாம்?

எடுக்கும் மொத்த நேரத்தைக் கேட்காமல், தண்ணீரில் இருக்கும் நேரத்தைக் கேளுங்கள். "ஆறு மணிநேரம்" என்பதில் வண்டி, உடை மாற்றல், உரை, சாப்பாடு போக இரண்டரை மணிநேரம்தான் ஆறு மிஞ்சும். முதல் தடவைக்கு அரை நாள் போதும். பல நாள் பயணத்தில் எந்தெந்த நாள் வெளியேறும் சாலை இருக்கிறது, கழிவை எப்படித் திரும்ப எடுத்து வருவார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். இரண்டாவதற்குத் தயங்காமல் பதில் சொல்பவர்கள் மற்றதிலும் ஒழுங்காக இருப்பார்கள். தொடங்கும் இடம் 2,500 மீட்டருக்கு மேலே என்றால் போன அன்றே இறங்க வேண்டாம், ஓரிரு நாள் உடம்பு உயரத்துக்குப் பழகட்டும்.

ஹெல்மெட்ல கேமரா மாட்டிக்கலாமா?

பல கைடுகள் மறுப்பார்கள், நியாயம்தான். கயிற்றிலோ கிளையிலோ அது மாட்டினால் இழுபடுவது கழுத்து.

கையெழுத்து கேட்கிறாங்களே, போட்டா நமக்கு உரிமையே போயிடுமா?

எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். படிக்காமல் போடாதீர்கள். அதில் வரும் ஆபத்துப் பட்டியலை மிரட்டலாக நினைக்காமல் தகவலாகப் படியுங்கள். பயணக் காப்பீட்டில் ராஃப்டிங் சேருகிறதா, எந்தக் கிளாஸ் வரை, ஹெலிகாப்டர் மீட்பு உண்டா என்று தனியாகப் பாருங்கள். பல காப்பீடுகள் குறிப்பிட்ட கிளாஸுக்கு மேலே கைகழுவிவிடும். நிறுவனம் ரத்து செய்தால் பணம் முழுதாகத் திரும்புமா, வேறு தேதிதானா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பணம் திரும்ப வராது என்றால், தண்ணீர் ஏறிய நாளில் "போய்விடலாமே" என்ற சபலம் உங்களுக்கே வரும்.

ஆத்தங்கரைக்கு வந்து பார்த்ததும் பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்லலாமா, இல்ல பாதியில இறங்கிக்கலாமா?

படகு இறங்கும் முன் எப்போதும் சொல்லலாம், எந்த நல்ல கைடும் வற்புறுத்த மாட்டார். பாதியில் இறங்குவதுதான் சிக்கல். பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டால் இருபுறமும் செங்குத்துப் பாறை, சாலை மேலே எங்கேயோ இருக்கும். ஆகவே உரையின்போதே கேட்டு வையுங்கள்: "கடைசியாக இறங்கி நடக்கக்கூடிய இடம் எது, அதற்கு முன்னால் எத்தனை பாய்ச்சல் வரும்?" பெரும்பாலான பாதைகளில் தொடக்கத்தில் சில எளிய பாய்ச்சல்கள் இருக்கும். அவற்றில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய பாய்ச்சலுக்கு முன்னால் கைடு படகை ஒதுக்கிக் கரையேறி வழி பார்ப்பார். அப்போது நீங்களும் கூடவே போய்ப் பாருங்கள். அந்த ஒரு பாய்ச்சலை மட்டும் கரையோரமாக நடந்து கடந்து, கீழே மடுவில் மறுபடி ஏறிக்கொள்ளப் பெரும்பாலும் வழி இருக்கும். அங்கே நடக்கப் பாதை உண்டா என்பதை மட்டும் புறப்படும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள்.